காரின் பின்கண்ணாடியில் பனி விலகவில்லையா?

டிஃபாகர் போட்டும் ஒரு பட்டை மட்டும் மங்கலாகவே நின்றால், கண்ணாடியைச் சூடாக்கும் கோடு அங்கு அறுந்திருக்கும். ஸ்டிக்கரைச் சுரண்டிய பிளேடுதான் பெரும்பாலும் குற்றவாளி. எல்லாக் கோடுகளும் வேலை செய்யாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பார்க்கவும். ஒரு கோடு மட்டும் அறுந்திருந்தால் இப்படிச் சரிசெய்யலாம்:

1. டிஃபாகரை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் காரின் உலோகப் பாகத்தில் வைத்து, சிவப்பு முனையைக் கோட்டின் மீது நகர்த்தவும். நல்ல கோட்டில் 12 வோல்ட் படிப்படியாகக் குறையும். சட்டென்று மாறும் இடமே அறுபட்ட இடம். முனையில் அலுமினியத் தாள் சுற்றினால் கோடு கீறாது.

2. டிஃபாகரை அணைத்து, அறுபட்ட இடத்தை ஸ்பிரிட்டால் மெல்லத் துடைக்கவும். பிசுக்கு இருந்தால் பூச்சு பிடிக்காது.

3. கோட்டுக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, வெள்ளி கலந்த மின்கடத்தும் பெயிண்டை இடைவெளியின் இரு பக்கமும் சற்று ஏறும்படி பூசவும். சாதாரண பெயிண்டில் மின்சாரம் பாயாது.

4. 24 மணி நேரம் காயவிடவும். ஈரத்தோடு சூடேறினால் பூச்சு உரியும்.