பசித்த பிள்ளையும் அநுகம்பையும்



நாள்தோறும் மைத்திரி பாவனையில் அமர்ந்து, எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க என்று எண்ணுகிறோம். அங்ஙனம் எண்ணும்பொழுது, காலையில் ஒன்றும் உண்ணாமல் நம் வீட்டைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளையின் முகம் நம் மனத்தில் தோன்றுகிறதா? இந்தப் பாடம் அக்கேள்வியைப் பற்றியது. பிறர் குறையைச் சொல்லித் தொடங்குதல் முறையன்று. ஆதலின் என் பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஒரு பிழை

இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவில் மாட்டுப்பட்டி இருக்கிறது. அங்குள்ள அணையையும் ஏரியையும் காண வண்டி வண்டியாக மக்கள் வருகிறார்கள். அச்சாலைக்கு மேலும் கீழும் உள்ள தேயிலை மலைகளில் லயங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் வாழ்வோரிற் பலர், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய லயம் ஒன்றின் திண்ணையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் திரிசரணமும் பஞ்ச சீலமும் கற்பித்து வந்தேன். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எப்போதும் கடைசியில் தனியே அமர்வான். ஒரு ஞாயிறன்று, மற்றவர் சரணம் சொல்லுகையில் அவன் உறங்கி விழுந்தான். எழுப்பிக் கேட்டேன், ஒரு வரியும் வரவில்லை. சோம்பல் என்று கருதி, வகுப்பு முடியுமட்டும் வாயிற்புறத்தில் அவனை நிற்க வைத்தேன்.

வகுப்பு கலைந்தபின் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் வந்தார். "ஐயா, அவன் ஆத்தா நாலு நாளாக் காய்ச்சல்ல கெடக்கா. நிரந்தர வேலை இல்லை. போகாத நாளுக்குக் கூலியும் இல்லை. பள்ளிக்கூடம் இருந்தா மத்தியானம் அங்கே சாப்பிடுவான். நேத்தும் இன்னைக்கும் லீவு. கட்டஞ்சாயா குடிச்சிட்டு வந்த பிள்ளையை நிக்க வெச்சிட்டீங்களே" என்றார்.

நான் அவன் வீட்டுக்குச் சென்றேன். என்னைக் கண்டதும் அச்சிறுவன் எழுந்து நின்று, "அடுத்த வாரம் படிச்சிட்டு வந்துடுறேன் ஐயா" என்றான். நான் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அவனோ நான் தேர்வு வைக்க வந்ததாக எண்ணினான். அச்சொல் இன்றும் என் நெஞ்சில் தைத்திருக்கிறது. நானும் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்று பஞ்சாலைக்குச் சென்றவன். பசித்த பிள்ளையைச் சோம்பேறி என்பது எத்தகைய கொடுமை என்று அனுபவத்தால் அறிந்திருந்தும், ஆசனத்தில் அமர்ந்ததும் மறந்துவிட்டேன்.

ஆளவியில் நடந்தது

ததாகதர் இதற்கு வழிகாட்டியிருக்கிறார். தம்மபத உரையில் வரும் வரலாறு இது. ஆளவி நகரில் ஏழை உழவன் ஒருவன் தம்மத்தை உணரும் பக்குவத்தில் இருப்பதை அறிந்து, பகவர் அவன் பொருட்டே நெடுவழி நடந்து அங்கே சென்றார். அன்று காலை அவனுடைய எருது காணாமற் போயிற்று. தேடி அலைந்து, பிடித்துக் கட்டிவிட்டு, பட்டினியோடு அவன் சபைக்கு ஓடி வந்தான். அவன் வருமளவும் பகவர் பேசாமலே அமர்ந்திருந்தார். வந்ததும், எஞ்சிய உணவு உண்டா என்று கேட்டு, முதலில் அவனுக்குச் சோறிடச் செய்தார். அவன் உண்டு களைப்பாறிய பின்னரே தம்மத்தை உபதேசித்தார். பிக்குகள் இதைக் கண்டு வியந்து பேசினர். பசியைப் போன்ற நோய் வேறில்லை என்பதைப் பகவர் அவர்களுக்கு விளக்கினார்.

இதில் நமக்குள்ள பாடம் தெளிவானது. போதனை சிறந்ததாயினும், பசித்த செவியில் அது நுழையாது. சோற்றுக்குப் பின்னரே சூத்திரம். மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்ததும் இக்கருத்துப் பற்றியே.

இவ்வுண்மையை நம் நாட்டு ஆட்சிகளும் சிறிது சிறிதாக ஏற்றன. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலம் தழுவி விரிந்தது; 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தருமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப் பெற்றது. இவை போற்றத்தக்கவை. ஆயினும் விடுமுறை நாளின் பசி இன்னும் வீட்டார்க்கும் அண்டை அயலார்க்கும் உரியதாகவே இருக்கிறது.

சோறு மட்டும் தீர்க்காத நோய்

பசிக்கு உடன்பிறந்த நோய் ஒன்றுண்டு, அது தனிமை. மாட்டுப்பட்டியில் மழைக்காலத்தில் துணி உலர்வது அரிது. ஒரே சீருடை உள்ள பிள்ளை அதை அடுப்புப் புகையில் காய்த்து, ஈரம் போகாமலே அணிந்து செல்கிறான். புகை நாற்றமும் ஈர நாற்றமும் வீசுகின்றன. பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து அமர்கிறான். மறுநாள் அந்தப் பெஞ்சில் அவன் ஒருவனே. பின்னர் அவன் கை தூக்கி விடை சொல்வதில்லை, விளையாட்டில் சேர்வதில்லை, காலையில் வயிற்றுவலி என்கிறான், மெல்ல மெல்லப் பள்ளியை விட்டு நிற்கிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆசிரியர் நோட்டுப் புத்தகம் எங்கே என்று கேட்டால், "மறந்துவிட்டேன்" என்பான். வாங்கவில்லை என்று நாற்பது பேர் நடுவே சொல்ல அவனுக்கு நா எழாது. பொய் சொல்லாமை நான்காம் சீலம். அச்சிறுவன் அதை மீறினான் என்று சொல்லுமுன், உண்மையைச் சொல்ல முடியாதபடி அவனைக் கூச வைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். அப்பொய்யில் நமக்கும் பங்குண்டு.

நூற்பாலையில் நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும். ஓர் இழை அறுந்தால் ஓசை எழாது, இயந்திரமும் நிற்காது. அருகே நடந்து கண்ணால் பார்த்து வருபவன்தான் அதைக் கண்டு கையால் பிணைப்பான். வகுப்பில் தனித்துப்போன பிள்ளையும் அவ்வாறே. வகுப்பு நடந்துகொண்டே இருக்கும், பார்ப்பவர் வேண்டும்.

வாயிலில் நின்ற சூளபந்தகர்

சூளபந்தகர் என்னும் இளம் பிக்குவுக்கு நான்கு மாதமாகியும் ஒரு செய்யுள் மனத்தில் பதியவில்லை. அவர்தம் தமையனாரே, நீ இதற்குத் தகுதியற்றவன் என்று வெளியேறச் சொன்னார். மருத்துவர் ஜீவகர் வீட்டு விருந்துக்குரியோர் கணக்கிலும் தம்பியைச் சேர்க்கவில்லை. விடியலில் துயரத்தோடு புறப்பட்ட அவரைப் பகவர் வாயிலில் எதிர்கொண்டு, தலையைத் தடவி, தூய துணியொன்றைக் கையில் கொடுத்து, அதைத் தேய்த்தவாறே அழுக்கு நீங்குதலைச் சிந்திக்கச் செய்தார். விருந்தில் பரிமாற வந்தபோது பகவர் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டார். விடுபட்ட ஒருவரை அழைத்து வருமளவும் உண்ணவில்லை. மந்தன் எனப்பட்ட சூளபந்தகர் அருகதர் ஆனார்.

பாலி மொழியில் அநுகம்பை என்றொரு சொல் உண்டு. ஒருவர் நடுங்கக் கண்டு உடன் நடுங்குதல் என்பது அதன் சொற்பொருள். தூரத்தில் நின்று ஐயோ பாவம் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அநுகம்பை உடையவர் பக்கத்தில் போய் அமர்வார்.

பூங்காவில் ஒரு சிறுவர்

நம் வழிகாட்டி பாபாசாகேப் அம்பேத்கர் தாயைச் சிறுவயதில் இழந்தவர். சாத்தாராப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அமர விடாமல், தனிக் கோணித் துண்டின்மேல் அமர்த்தப்பட்டார். அக்கோணியைப் பள்ளி வேலையாள் தொடமாட்டான். நாள்தோறும் அவரே வீட்டுக்குச் சுமந்து சென்று மறுநாள் கொண்டுவர வேண்டும். பணியாள் வந்து குழாயைத் திறந்தாலன்றித் தாகத்துக்கு நீரில்லை. தந்தை ஓய்வுபெற்ற படைவீரர். வீட்டில் உணவு இருந்தது. எனவே அப்பிள்ளையை வருத்தியது பிறர் சுமத்திய தனிமை.

பின்னர் மும்பையில் படிக்கையில், பள்ளி முடிந்ததும் சர்னி ரோடு பூங்காவில் தனியே அமர்ந்து படிப்பார். அங்கே வரும் ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் அச்சிறுவரைக் கவனித்து, அருகே சென்று பேசினார், நூல்கள் தந்தார். தேர்வில் வென்ற அவரைப் பாராட்டிய கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். பிற்காலத்தில் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். அந்நூலைப் பெற்ற சிறுவரே 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தைத் தழுவினார். பூங்காவில் ஒருவர் ஒரு சிறுவரைக் காணாதவர்போல் கடந்து சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்யத்தக்கவை

1. ஞாயிறு வகுப்பு நடத்துவோர் முதலில் ஒரு வாய்க் கஞ்சி கொடுத்து, பிறகு சரணம் சொல்லச் செய்க. யார் பசித்தவர் என்று கேளாமல் எல்லார்க்கும் கொடுக்க. கேட்டால் கூச்சம் உண்டாகும்.

2. தாய்மார்களே, உங்கள் பிள்ளையை "இன்று என்ன மதிப்பெண்?" என்று கேட்கும்போது, "இன்று தனியாக இருந்தவன் யார்? நீ அவனோடு பேசினாயா?" என்றும் கேளுங்கள்.

3. நோட்டுப் புத்தகமோ உடையோ உதவினால் பலர் முன்னிலையில் தராதீர்கள்; படமும் எடுக்காதீர்கள். தானம் பெறுவோனின் மானத்தைக் காப்பதும் தானமே.

4. உறங்கும் பிள்ளையைக் கண்டால், தண்டிக்குமுன் விசாரித்தறிக.

அடுத்த ஞாயிறு திண்ணையில் கஞ்சி வைத்தோம். எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி யாரும் சொல்லாமலே அச்சிறுவனருகில் போய் அமர்ந்தாள். அன்றும் அவனுக்குச் சரணம் முழுதும் வரவில்லை. ஆனால் அவன் உறங்கவில்லை. தவறிய இடத்தில் அவள் காதோடு எடுத்துக் கொடுக்க, அவன் சிரித்தான். அன்று கற்றவன் நான்.

அரசு சோறிடலாம், சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கலாம். பக்கத்தில் அமர்வதற்கு மனிதர்தாம் வேண்டும்.

அனைத்துயிரும் நலமுறுக! பசித்தோர் உண்க! தனித்தோர் துணை பெறுக!