கைக்கு வராத சம்பளம்: கொரியாவில் அயல்நாட்டு ஆசிரியர்களின் வரவு செலவு – ஒரு பார்வை



மலருக்குப் படைப்பு கேட்டுப் பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது பாதிப்பேர் கவிதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. கணக்கு கொஞ்சம் வரும். ஆகவே ஒரு கணக்கைத்தான் எழுதியிருக்கிறேன். கடைசிவரை படித்துவிடுங்கள், ப்ளீஸ்!

போன செமஸ்டரில் ஆங்கில விரிவுரையாளர் ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அச்சடித்த சில தாள்களைக் கொடுத்தார். தென்கொரியப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகும் வெளிநாட்டவர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தின் மாதிரி அது. "நாம டிப்ளமோ, இது எதுக்கு சார்?" என்றான் பின்பெஞ்ச் நண்பன். "அடுத்த வருஷம் நீங்க எல்லாரும் ஏதோ ஒரு தாள்ல கையெழுத்துப் போடப் போறீங்க. ஒரு தடவையாவது ஒரு ஒப்பந்தத்தை முழுசாப் படிச்சுப் பாருங்கடா" என்றார் சார்.

எங்கள் வீட்டில் ஒப்பந்தம் என்ற ஒன்றை யாரும் படித்தது கிடையாது. அப்பா கொத்தனார். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையில் கொடுப்பதுதான் சம்பளம். அதனால் எனக்கு அந்தத் தாள் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. நூலகத்திலும் கம்ப்யூட்டர் லேபிலும் தேடிப் படித்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

யார் இவர்கள்?

கொரிய அரசின் 'எபிக்' என்ற ஆங்கிலத் திட்டம் 1995-இல் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் கொரிய ஆசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்த வெளிநாட்டவரை அழைக்கும் திட்டம் இது. இதற்கு வெளியே 'ஹக்வோன்' எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்கள் நிறைய உண்டு. நம்ம ஊர் ட்யூஷன் சென்டர் மாதிரி, ஆனால் பெரிய அளவில்.

ஆங்கிலம் கற்பிக்கும் 'ஈ-2' விசா பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்குத்தான். 2010 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் மூலம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்கும் ஒரு வழி திறந்தது. எப்படியானாலும் பட்டப்படிப்பு வேண்டும். நமக்கு இப்போதைக்கு அந்தக் கதவு இல்லை. ஆனால் அவர்களுடைய கணக்கு நமக்கு உதவும்.

எழுதியிருக்கும் சம்பளமும் கையில் வரும் சம்பளமும்

கணக்குக்காக மாதச் சம்பளம் 24 லட்சம் வோன் என்று வைத்துக்கொள்வோம். வோன் என்பது கொரியப் பணம். நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பக்கம். "அடேங்கப்பா" என்று வாயைப் பிளக்க வேண்டாம். 2026-இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 10,320 வோன். முழுநேரத் தொழிலாளிக்கு மாதம் 21,56,880 வோன் வருகிறது. ஆக, ஆசிரியர் சம்பளம் அதைவிடக் கொஞ்சம்தான் கூட! 2010-இல் அந்தக் கூலி மணிக்கு 4,110 வோன்தான். கூலி இரண்டரை மடங்கு ஏறியது. வெளிநாட்டு ஆசிரியர் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

இந்த 24 லட்சத்தில் முதலில் பிடித்தம்:

1. ஓய்வூதிய நிதி. 2025 வரை ஆசிரியர் பங்கு 4.5 சதவீதம், பள்ளியின் பங்கு 4.5 சதவீதம். 2026-இல் தலா 4.75 சதவீதம். ஆசிரியர் பங்கு மாதம் 1,14,000 வோன்.

2. மருத்துவக் காப்பீடு. இதிலும் பாதி ஆசிரியர், பாதி பள்ளி. முதியோர் பராமரிப்புக் காப்பீடும் சேர்த்து ஆசிரியர் பங்கு ஒரு லட்சம் வோனுக்குச் சற்றுக் குறைவு.

3. வருமான வரி. இந்தச் சம்பளத்துக்குக் குறைவுதான். 40,000 என்று போட்டுக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் வேலை செய்யும் அமெரிக்க ஆசிரியருக்கு இரு நாட்டு ஒப்பந்தப்படி முதல் 2 ஆண்டுக்கு இந்த வரி இல்லை. கனடாக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஆனால் வேறு வேறு சம்பளம்!

ஆகக் கைக்கு வருவது ஏறக்குறைய 21,50,000 வோன்.

வீடு என்னும் மறைமுகச் சம்பளம்

இதில் என்னை ஆச்சரியப்படுத்தியது வீடுதான். பள்ளி ஓர் ஒற்றை அறை வீட்டை வாடகையில்லாமல் கொடுக்கிறது. அல்லது வீட்டுப்படி தருகிறது. மின்சாரம், கேஸ், இன்டர்நெட் மட்டும் ஆசிரியர் பொறுப்பு.

அங்கே வாடகைக்குப் போக இரண்டு முறை. ஒன்று 'ஜோன்சே': பெரிய தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். படித்ததும், "அட, இது நம்ம ஒத்தி வீடுதானே!" என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றொன்று 'வோல்சே': முன்பணமும் மாத வாடகையும். முன்பணமே பல லட்சம் வோன், பெரிய நகரமென்றால் கோடியைத் தொடும். ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் அது ஏது? ஆகவே வீடு கொடுக்கும் குறைந்த சம்பளம், வீடு கொடுக்காத கூடுதல் சம்பளத்தைவிட மேலாக இருக்கலாம். இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

செலவு எங்கே போகிறது?

இரண்டு ஆசிரியர்களைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் 'அ', 'ஆ'. இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே மாதிரி வீடு.

'அ' சம்பள நாளன்றே 11 லட்சத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறார். மீதி 10,50,000. கரண்ட், கேஸ், போன் 1,70,000, சாப்பாடு 5,00,000, பஸ், ரயில் 80,000, சனி ஞாயிறு, காபி, சினிமா 3,00,000. மதியம் பள்ளிக் கேன்டீன் சாப்பாடு, வழியில் கிம்பாப் என்னும் சோற்றுச் சுருள். உள்ளூர்க்காரர் சாப்பிடுவதையே சாப்பிடுகிறார்.

'ஆ' கெட்டவர் அல்ல, நம்மை மாதிரிதான். ஊர் ஞாபகம் வருகிறது. ஊரில் சாப்பிட்ட பாலாடைக்கட்டியைத் தேடி வாங்குகிறார். இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். பழமும் அங்கே விலைதான். விடுமுறை என்றால் ஜப்பான், தாய்லாந்து. "மாசக் கடைசியில் மிஞ்சினால் சேமிக்கலாம்" என்கிறார். மிஞ்சுவதே இல்லை.

இருவருக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு: படிப்புக் கடன். அமெரிக்க, பிரிட்டிஷ் இளைஞர்கள் பலர் கல்லூரிக் கடனோடுதான் விமானம் ஏறுகிறார்கள். வெள்ளைக்காரருக்கும் கடன் உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி! சம்பளத்தை டாலராக மாற்றித்தான் அதைக் கட்ட வேண்டும். அப்போது மாற்று விகிதம் விளையாடும். 1997 தொடக்கத்தில் ஒரு டாலர் 850 வோன் அளவில் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் நெருக்கடியில் 1,900-ஐத் தாண்டியது. அதே 10 லட்சம் வோன், முன்பு 1,176 டாலர்; பின்பு வெறும் 526 டாலர். உழைப்பு அதே, சம்பளம் அதே, கடன் மட்டும் இருமடங்கு ஆன மாதிரி. ஆகவே விவரமுள்ளவர்கள் மொத்தமாகச் சேர்த்து வைத்து ஒரே நாளில் அனுப்புவதில்லை, மாதாமாதம் பிரித்து அனுப்புகிறார்கள்.

கடைசி நாள் கணக்கு

இனிதான் முக்கியமான இடம். கொரியச் சட்டப்படி ஓராண்டு முடித்துப் போகும் தொழிலாளிக்கு, ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை. வெளிநாட்டவருக்கும் உண்டு. 24 லட்சம்.

ஓய்வூதிய நிதியோ நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா நாட்டவர் கொரியாவை விட்டுக் கிளம்பும்போது தங்கள் பங்கும் பள்ளியின் பங்கும் சேர்த்து, வட்டியோடு திரும்பப் பெறலாம். மாதம் 2,28,000 வீதம் 12 மாதத்துக்கு 27,36,000 வோன். பிரிட்டிஷ்காரருக்குத் திரும்ப வராது. தென்னாப்பிரிக்கருக்குப் பிடிப்பதே இல்லை. அதனால் மாதாமாதம் கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், கடைசியில் எதுவும் வராது.

நம்முடைய 'ஆ' அமெரிக்கர் என்று வையுங்கள். வருஷம் முழுக்க ஒரு பைசா சேமிக்கவில்லை. ஆனாலும் கிளம்பும் நாளில் பணிக்கொடையும் நிதியும் சேர்த்து 51 லட்சம் வோனுக்கு மேல் அவருக்கு உரிமை. வரி கொஞ்சம் போகும். அவரை அறியாமலே அவர் சேமித்திருக்கிறார்! கைக்கு வந்த பணம் எல்லாம் கரைந்தது. கைக்கு வராத பணம்தான் மிஞ்சியது.

ஆனால் ஒரு நிபந்தனை: ஓராண்டு முடிக்க வேண்டும். 11 மாதத்தில் "போதும்டா சாமி" என்று கிளம்பினால் 24 லட்சம் போச்சு. சில பயிற்சி நிலையங்கள் இதற்காகவே 11-ஆவது மாதத்தில் ஆளை அனுப்பிவிடுவதாக ஆசிரியர்களிடையே நெடுநாள் புகார் உண்டு. எபிக் திட்டத்தில் முதல் 6 மாதத்துக்குள் விலகினால், வந்து சேரக் கொடுத்த பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாம் அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது. படித்தவருக்குத் தெரியும்.

எங்கள் மாமா

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் எங்கள் தாய்மாமன்.

மாமா எலக்ட்ரீசியன். 2012-இல் துபாய் போனார். ஏஜென்டுக்குக் கொடுக்க 1,20,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினார்கள். மாசம் 3,600 வட்டிக்கே போனது. அசல் அடைய இரண்டு வருஷம் ஆனது. பிறகு பாட்டி ஆஸ்பத்திரிச் செலவு, சித்தி கல்யாணம். 2018-இல் திரும்பி வந்தார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். அதைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் மாமாவிடம் கேட்டேன்: "மாமா, கிளம்பறப்ப கம்பெனியில ஏதாவது மொத்தமாக் குடுத்தாங்களா?"

"டிக்கெட் போட்டுக் குடுத்தாங்கடா. ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க."

"என்ன பேப்பர்?"

"அரபியும் இங்கிலீஷும் இருந்துச்சு. யாருக்குத் தெரியும்?"

ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். மாமாவுக்கு அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹாம், 6 ஆண்டு. நோட்டில் போட்டேன்: 630 பெருக்கல் 5, அதோடு 900. மொத்தம் 4,050 திர்ஹாம். அன்றைய மதிப்பில் எழுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அப்போதிருந்த சட்டப்படி ஓராண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது.

மாமா நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை, வருத்தப்படவும் இல்லை. "நீ அப்பவே பெரிய பையனா இருந்திருக்கலாம்டா" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

முடிவுரை: நாம் செய்ய வேண்டியவை

நண்பர்களே! கேம்பஸ் இன்டர்வியூவில் "சம்பளம் எவ்வளவு?" என்று ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். இனி இவற்றையும் கேட்போம்:

1. மொத்தச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?

2. தங்குமிடம், சாப்பாடு, பஸ் உண்டா? இல்லையென்றால் அதைக் கழித்துவிட்டு இரண்டு கம்பெனிகளை ஒப்பிட வேண்டும்.

3. நான் தொழிலாளியா, அப்ரன்டிஸா? அப்ரன்டிஸ் சட்டப்படி பயிற்சிக்குச் சேருபவருக்கு பி.எப். கிடையாது.

4. பி.எப். எண் என்ன? பிடித்த பணம் கணக்கில் ஏறுகிறதா என்று நாமே பார்க்க வேண்டும்.

5. ஒப்பந்த வேலை என்றால் பணிக்கொடை எப்போது? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடித்தாலே உரிமை உண்டு. 11-ஆவது மாதத்தில் அவசரப்பட்டு விலகாதீர்கள்!

6. வெளிநாடு போவதானால், வட்டிக் கடனை அடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

7. புரியாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. "படிச்சுட்டுத் தர்றேன் சார்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அளக்க முதலில் படிக்கத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அது தெரிந்த முதல் ஆள் நான். முந்தின வாரம் மாமா பையன் ஒரு வேலைக்கான தாளைக் கொண்டுவந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்றான். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு