உறவும் ஒரு முதலே: அதை அளந்தறியும் முறை

முதல் என்றவுடன் நிலம், கிணறு, ரொக்கம், இயந்திரம் இவற்றையே நாம் எண்ணுகிறோம். தேவை நேரும்போது பிறர் வழியாகக் கிட்டும் கைமாற்று, வேலை, செய்தி, பரிந்துரை ஆகியவையும் முதலே. இதனை அறிஞர் சமூக மூலதனம் என்பர். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கிராமப் பள்ளிகளை மேற்பார்வையிட்ட ஹானிஃபன் என்பார் 1916-இலேயே இச்சொல்லைக் கையாண்டார்.

திருப்பூர்ப் பனியன் தொழில் இதற்குத் தக்க சான்றாகும். சுற்றுப்புறக் கிராமங்களின் உழவர் குடியினரான கவுண்டர் சமூகத்தார் பலர் இத்தொழிலில் முதலாளிகளாயினர். பொருளியல் அறிஞர்களான அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் இத்தொழிலை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். சொந்தபந்தங்களின் பணம் எளிதிற் கிட்டியமையால், உள்ளூர்ச் சமூகத்தார் அதிக மூலதனத்துடன் தொழில் தொடங்கினர். வெளியூரிலிருந்து வந்தோர் குறைந்த முதலுடன் தொடங்கியும் உற்பத்தியில் விரைந்து வளர்ந்தனர். பணம் திறமையை மட்டும் நாடிச் செல்வதில்லை, உறவின் வழியும் செல்கிறது என்பது இதனால் விளங்கும். உள்ளவருக்கு ஏணியாகும் உறவு, இல்லாதவருக்கு மதிலாகவும் அமையலாம்.

இம்முதலை அளப்பது எவ்வாறு? உறவினர் தொகையை எண்ணினால் மட்டும் போதாது. ஆய்வாளர் மூவகை வினாக்களைக் கேட்கின்றனர்.

1. பெயர்: அவசரத்திற்குக் கைமாற்று யாரிடம் கேட்பீர்கள்?

2. பதவி: கூட்டுறவுச் சங்கச் செயலாளர், வங்கி மேலாளர், செவிலியர், கம்பெனி மேஸ்திரி ஆகியோருள் யாருடன் பழக்கம் உண்டு?

3. உதவி: மனு எழுதித் தரவும், நள்ளிரவில் மருத்துவமனைக்கு உடன் வரவும் ஆள் உண்டா?

இரண்டாம் வினா மிக இன்றியமையாதது. நெருங்கியோர் அறிந்தவற்றைப் பெரும்பாலும் நாமும் அறிந்திருப்போம். புதிய செய்தி அவ்வப்போது பழகுவோர் வழியே வருகிறது. வேலை தேடியோரை ஆராய்ந்த மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இக்கருத்தை விளக்கினார்.

ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டில் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளில் வீடுதோறும் ஒரு புள்ளியிட்டு, உதவி செல்லும் திசையில் கோடு வரைக. கடன் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களைக் கிராம சபையில் படித்தலாகாது. நம்பிக்கை கெட்டால் முதலே அழியும்.

வரைந்து முடித்தபின், கோடு எதுவும் சேராத புள்ளிகளைக் காண்க. லைன் வீட்டில் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பம், தனித்து வாழும் விதவை, நீரின்றித் தரிசு போட்ட சிறு விவசாயி ஆகியோர் அங்கு இருக்கக்கூடும். திட்டம் வந்த செய்தி இவர்களுக்குத் தானாகச் சென்று சேராது. மகளிர் சுய உதவிக் குழுவிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ இவர்களைச் சேர்ப்பது புதியதொரு கோட்டினை வரைவதாகும். கோடில்லா வீட்டின் வாயிலுக்கே நாம் முதலில் செல்லுதல் வேண்டும்.