காப்பீட்டு அட்டை மட்டும் போதுமா?

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது. பிறகு அரசு மருத்துவமனைகளுக்கென்று தனியாக எதற்கு வரிப்பணம்? மொத்தத்தையும் காப்பீட்டுக்கே கொடுத்துவிட்டால் என்ன?
- லாரி ஓட்டுநர், ராசிபுரம்

பதில்: கூடாது என்பேன். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அந்த அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் உதவும். இரவெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கும் உங்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தால், மாதந்தோறும் வேண்டியது மாத்திரை. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருவது வரிப்பணம். மாத்திரை நின்றால் சிறுநீரகம் கெடலாம். டயாலிசிஸுக்கு அட்டையை நீட்ட வேண்டிவரும். அதற்கும் பிரீமியம் கட்டுவது அரசுதான். முன்னதே மலிவு.

1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பாருங்கள். மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவதால் விலை இறங்கியது. தனித்தனியாக பில் போடும் முறையில் அந்தப் பேரம் பேசும் பலம் வராது. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையும் காப்பீட்டுத் தொகை பெறுகிறது, நல்லதுதான். ஆனால் டாக்டர், நர்ஸ், கட்டடம் எல்லாம் ஏற்கெனவே வரியில் நிற்பதால்தான் அங்கே அட்டைக்கு மதிப்பு.

2025-க்குள் சுகாதாரத்துக்கான பொதுச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை. அந்த இலக்கை நாடு எட்டவில்லை. உங்கள் எம்.பி. ஓட்டு கேட்டு வரும்போது இதைக் கேளுங்கள்.