முதல் குச்சியை நடும் உனக்கு

1. ஊரைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடு. பிளாக்பெர்ரி வளர்க்க ஆசைப்படுகிறாய் என்று தெரியும், கண்ணு. அது நன்றாகக் காய்க்கக் குளிர்காலம் வேண்டும். அதன் இனத்துக் கொடிகள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தாமாகவே முளைத்துக் கிடக்கும். நம் புதுச்சேரித் தேங்காய்த்திட்டின் மார்கழி அவற்றுக்குப் போதாது. அதே கறுப்பும் இனிப்புமாகப் பழம் வேண்டுமென்றால் முசுக்கொட்டை வை. கடையில் மல்பெரி என்று கேள். கிடைக்காததற்கு ஏங்கி, கையில் இருப்பதை வாடவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

2. விதைக்கு அலையாதே, குச்சி கேட்டு வாங்கு. பென்சில் பருமனில், மூன்று நான்கு கணு உள்ளதாக, ஒரு சாண் நீளம் போதும். நிழலில் நட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் கைக்கு எந்தச் செடியும் பிழைக்காது. பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1821-இல் மணிலாவிலிருந்து ஒரு முசுக்கொட்டை வகையைக் கப்பலில் கொண்டுபோனார். பின்னாளில் நம் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் உழைத்து, 1870-இல் இங்கேயே கண்மூடினார். அத்தனை கடல் தாண்டிப் பிழைத்த செடி, பக்கத்து வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு வராதா?

3. வெட்டத் துணி. இதுதான் எல்லோருக்கும் கஷ்டம். என் அத்தை வீட்டு முசுக்கொட்டையை யாரும் தொடமாட்டார்கள். பச்சையாய் இருக்கிறதே, பாவம் என்பார்கள். அது ஓட்டுக்கு மேல் ஏறி மரமாகி, எட்டாத உச்சியில் காய்த்தது. இந்தச் செடி புதுத் துளிரில்தான் பூக்கும். பழம் ஓய்ந்ததும் உன் இடுப்பளவுக்குக் கவாத்து செய், மிச்ச இலையை உருவிவிடு, தொழுவுரம் ஒரு கை போடு. துளிரோடு பிஞ்சும் வரும். பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிகள் இலைக்காக ஆண்டுக்குப் பலமுறை வெட்டியும் அது தளர்வதில்லை. பாசம் என்பது அரிவாளையும் எடுக்கும். நுனி இலை சுருண்டு, உள்ளே மாவுப்பூச்சி தெரிந்தால் அந்தக் கிளையை அன்றே நறுக்கி அப்புறப்படுத்து; நாளைக்கு என்று தள்ளினால் பக்கத்துக் கிளைக்கும் போய்விடும்.

4. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார். கழிமுகம் பக்கம், போர்த்தண்ணீர் கரித்தால் தொட்டி மண்ணில் வெள்ளை பூக்கும், இலை ஓரம் கருகும். மழைநீரைப் பிடித்து வை, அரிசி களைந்த நீரை ஊற்று. தொட்டியின் அடித்துளை அடைபடக் கூடாது.

5. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் தொட்டியை மாடியிலிருந்து இறக்கு. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் வந்தபோது, நாளை இறக்கலாம் என்றிருந்த வீடுகளில் தொட்டியும் மிஞ்சவில்லை, செடியும் மிஞ்சவில்லை.

6. சிவந்ததும் பறிக்காதே. சிவப்பு புளிக்கும். நன்றாகக் கறுத்து, விரல் பட்டதும் காம்போடு கையில் விழ வேண்டும். அதற்குள் குயிலும் மைனாவும் வந்துவிடும். வலை போட்டாலும் ஒரு கிளையை வெளியே விட்டுவிடு.

7. வெட்டிய குச்சிகளைக் குப்பையில் போடாதே. ஈரச் சாக்கில் சுற்றி வை. ஐப்பசி மழை பிடித்ததும் யாராவது கேட்டு வருவார்கள். உனக்கு முதல் குச்சி என் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள். தெற்குப் பக்கம் நிற்பது நன்றாகக் காய்க்கிறது.