திரிசிரபுரத்து மலையரண்

நீர், நிலம், மலை, காடு என அரணை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மலை பகைவரைத் தடுக்குமாறு யாதென நாம் ஆராயப் புகின், வேற்றுநாட்டு வரலாறு தேட வேண்டா, திரிசிரபுரமே போதும்.

உச்சிப்பிள்ளையார் குன்று ஏறக்குறைய 273 அடி உயரமே உடையது. இமயம்போல் நாட்டை மறித்து நிற்பதன்று. எனினும் சுற்றிலும் சமவெளியாதலின், பகைப்படை எத்திசையிற் பெயரினும் குன்றின்மேல் நிற்போர்க்குப் புலனாகும். 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் நகரை முற்றியபோது, உள்ளிருந்த முகம்மதலிக்கு இக்குன்று காவற்கண்ணாயிற்று. கிளைவு ஆர்க்காட்டைக் கைப்பற்றவே, முற்றினோருள் ஒரு பகுதியார் வடக்கே செல்ல நேர்ந்தது.

மறு ஆண்டு லாரன்சு துணைப்படையுடன் வந்தடைந்தான். பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவரங்கத்துட் புகுந்தான். நீரரண் காக்குமென எண்ணினான் போலும்! ஆங்கிலேயரோ கொள்ளிடத்தின் வடபால் தங்கிப் புதுச்சேரி வழியை அடைத்தனர். உணவு வாராத அரண் சிறையேயன்றோ? 1752 சூன் திங்களில் லா படையோடு பணிந்தான். சந்தா சாகிபு கொலையுண்டான்.

நகர்க்குத் தெற்கேயுள்ள பொன்மலை இன்னும் சிறியது. 1753-இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கவர்ந்த அன்றே, லாரன்சு தன் சிறுபடையுடன் பாய்ந்து மீட்டான். அதன்மேல் பகைவர் பீரங்கி நிலைத்திருப்பின், அண்மையிலிருந்த அவன் பாளையம் ஒருநாளும் தரித்திராது.