ஒரே கஸ்டமர் இருக்கும்போது வெப்சைட் எதற்கு?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று பெரிய ஆலைகள் நிறைந்த வட்டாரம் அது. அவற்றுக்கும் அவற்றின் சப்ளையர்களுக்கும் பாகம் கடைந்தும் ஃபிக்சர் செய்தும் அட்டைப்பெட்டி அடித்தும் கொடுக்கிற சிறு பட்டறைகள் உட்சாலைகளில் இருக்கின்றன. வெப்சைட் பற்றி அங்கே நிலவும் சில நம்பிக்கைகள் தொழிலுக்கே ஆபத்தானவை.

முதல் நம்பிக்கை: ‘ஒரே கஸ்டமர், மாதம் தவறாமல் பி.ஓ. வருகிறது. நமக்கு எதற்கு வெப்சைட்?’

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்த அது, 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி கார் வெளிவந்தது 2022-இல். ஒரு வெப்சைட் இருந்திருந்தால் இவற்றை நம்பியிருந்த சிறு நிறுவனங்கள் பிழைத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வெப்சைட் இருந்தால், புது கஸ்டமரைத் தேடிப் போகிற நாளில், ‘உங்களிடம் என்ன மெஷின் இருக்கிறது?’ என்ற கேள்விக்கு உடனே அனுப்ப ஒரு முகவரி கையில் இருக்கும். அந்த நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

‘கூகுளிலேயே இலவசமாகப் பக்கம் கிடைக்கிறதே’ என்பது அடுத்தது. கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு அந்த நிறுவனம் ஒரு குட்டி வெப்சைட்டும் இலவசமாகக் கொடுத்துவந்தது உண்மைதான். 2024 மார்ச்சில் அந்த வசதியை அதுவே மூடிவிட்டது. விசிட்டிங் கார்டிலும் டெலிவரி சலானிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. மேப்பில் பதிவு அவசியம், வாட்ஸ்அப்பும் அவசியம். ஆனால் வாட்ஸ்அப்பே 2021 அக்டோபர் 4 அன்று உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. தொழிலின் நிலையான முகவரி சொந்த டொமைனில்தான் இருக்க வேண்டும்.

அந்த டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பலர் கேட்பதே இல்லை. ‘காசு கொடுத்துவிட்டோம், நம்முடையதுதான்’ என்று நினைத்துவிடுகிறார்கள். சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலும் மெயில் முகவரியிலும் பதிவு செய்திருந்தால், பதிவேட்டின்படி அவரே உரிமையாளர். அவர் வேலையை விட்டுவிட்டாலோ நம்பர் மாற்றிவிட்டாலோ, புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் முதலாளியின் கண்ணில் படாது. பதிவு நிறுவனத்தின் பெயர், லாகின், புதுப்பிக்கும் தேதி மூன்றையும் ஜி.எஸ்.டி. சான்றிதழ் இருக்கும் அதே ஃபைலில் வைப்பது நல்லது. டொமைனை ஒரே தடவையில் பத்து ஆண்டுகள் வரைகூடப் பதிவு செய்யலாம்.

பணம் அதிகம் வீணாவது தோற்றத்தில். ‘முதல் பக்கம் பிரமாண்டமாக இருக்க வேண்டும்’ என்று சொல்லி, நகரும் படங்களும் எங்கோ எடுத்த ரோபோ போட்டோவும் போடுகிறார்கள். டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு வெண்டர் தேடும் பர்ச்சேஸ் அதிகாரிக்கு அவற்றால் பயனில்லை. வி.எம்.சி. டேபிளின் அளவு என்ன, லேத்தில் எத்தனை மில்லிமீட்டர் விட்டம் வரை கடையலாம், எந்த உலோகங்களில் வேலை செய்த அனுபவம் உண்டு, எத்தனை மைக்ரானுக்குள் நிறுத்த முடியும், அளந்து பார்க்க சி.எம்.எம். உண்டா, ஐ.எஸ்.ஓ. 9001 அல்லது ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும்: அவர் தேடுவது இவற்றை. ஷாப் ஃப்ளோரில் வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் செல்போனில் எடுத்த நிஜப் படங்கள் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. கஸ்டமரின் பாகத்தையோ டிராயிங்கையோ லோகோவையோ அவர் எழுத்தில் அனுமதி தராமல் போடக் கூடாது. ரகசிய ஒப்பந்தத்தை மீறிய பட்டறை என்று பெயர் வாங்கினால் அந்த ஆர்டரும் போகும், அடுத்ததும் வராது.

‘கீவேர்டை நிறைய திணித்தால் கூகுளில் முதலில் வரும்’ என்று சொல்லித் தனியாகக் காசு கேட்பவர்களும் உண்டு. பக்கத்தின் கோடிங்கில் மறைத்து எழுதும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. அதேபோல், பாதுகாப்பான (https) இணைப்புக்கான சான்றிதழுக்கும் தனியாகக் காசு தர வேண்டியதில்லை; ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ போன்ற அமைப்புகளிடமிருந்து அது இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசியாக, எல்லோரும் எளிது என்று கடந்துபோகும் பட்டறையின் முகவரி. சிப்காட் தொழிற்பேட்டைக்குள் என்றால் பிளாட் எண், வெளியே மாத்தூர், வல்லம் பக்கம் என்றால் சர்வே எண். அதோடு மேப் புள்ளியும் கேட்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு தெரு தள்ளிக் குத்தியிருந்தால், சரக்கேற்ற வரும் லாரி திரும்ப இடமில்லாத சந்தில் மாட்டிக்கொள்ளும். டிரைவர் கூப்பிட வேண்டிய நம்பர் ஆபீஸ் நம்பரா ஸ்டோர்ஸ் நம்பரா என்பதையும் அதே பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் எழுதிவிடலாம்.